பளபளப்பை நம்பி மோசம் போன கதை: ஏஆர்எஃப் ஃபயர்வால்

கிட்டத்தட்ட முழுதாகக் கட்டியே பெட்டியில் வரும் ஏஆர்எஃப் (Almost Ready to Fly) ரக ரிமோட் விமானம் ஒன்று வாங்கினேன். அதில் இருந்த கோளாறு, நல்லவேளை, தரையிலேயே தெரிந்துவிட்டது. 46 சைஸ் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், 11×6 அங்குல ப்ரொப்பெல்லர். முதல் முறையாக முழு த்ராட்டில் கொடுத்ததும் மூக்கு தனியாக ஆடியது. அணைத்துவிட்டு எஞ்சின் மவுண்ட் போல்ட்டுகளைத் திருகிப் பார்த்தால் எல்லாம் இறுக்கம். ஆடியது எஞ்சினைத் தாங்கும் மூக்குப் பலகையான ஃபயர்வாலேதான்!

டேங்கைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தேன். நான்கு மூலையிலும் ஜவ்வரிசி அளவுக்குப் பசை, அவ்வளவுதான். ஃபயர்வாலின் ப்ளைவுட்டுக்கும் பக்கப் பலகைக்கும் நடுவே விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தது. லேசர் வெட்டு என்னவோ கச்சிதம், மேலே ஒட்டிய கவரிங் ஃபிலிமில் ஒரு சுருக்கம்கூட இல்லை. பசைக்கு மட்டும் பஞ்சம்.

முழுதாகப் பெயர்த்தால் ரைட் த்ரஸ்ட் கோணம் (எஞ்சின் சற்றே வலப்பக்கம் திரும்பியிருக்கும் சாய்வு) போய்விடும். அதனால் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி மூக்கைச் சுற்றி இழுத்துக் கட்டி, அதே இடத்தில் பிடித்துவைத்தேன். ஒரே ஓட்டத்தில் கசிந்த எண்ணெயை ஸ்பிரிட்டால் இரண்டு தடவை துடைத்தேன். அப்புறம் 30 நிமிடத்தில் இறுகும் எப்பாக்ஸி, அதாவது இரண்டைக் கலந்து பூசும் பசை. ஹேர் ட்ரையர் சூட்டில் அது தண்ணியாகி இடுக்குக்குள் இறங்கும். ஆனால் சூடு பட்டால் சீக்கிரம் இறுகியும் விடும். நம்ம ஊர் வெயிலில் 30 நிமிடம் என்பது டப்பாவில் மட்டும்தான். முதல் கலவை கப்பிலேயே கல்லாகிவிட்டது.

அடுத்து, பிடிமானத்துக்கு ஆணி மாதிரி மூங்கில் பல்குச்சி. பக்கப் பலகை வழியாக ஃபயர்வாலின் விளிம்புக்குள் 2 மி.மீ. துளை. ப்ளை தடிமன் 6 மி.மீ. தானே, கொஞ்சம் கை சாய்ந்தாலும் ட்ரில் முன்பக்கமாக எட்டிப் பார்க்கும். எனக்கு இரண்டு எட்டிப் பார்த்தது. பிறகு மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் நடுக்கோடு போட்டுத் துளைத்தேன். பக்கத்துக்கு மூன்று குச்சி, எப்பாக்ஸியில் முக்கிச் செருகி, மறுநாள் நுனி நறுக்கியாயிற்று. இப்போது மவுண்ட்டைப் பிடித்து விமானத்தையே தூக்கலாம்.

உள்மூலைக்கு முட்டுக்கொடுக்க முக்கோண பால்சா (லேசான மரம்) குச்சி ஆர்டர் செய்தேன். கூரியரில் மூன்று துண்டாக வந்தது. விற்றவரிடம் கேட்டால் "ஒட்டிக்கலாம் சார்" என்கிறார்! 12 மி.மீ. சதுரக் குச்சியை மூலைக்கு மூலை நீளவாக்கில் பிளந்து சமாளித்தேன். 2020-இல் காற்றாலை இறக்கைக்காரர்கள் ஈக்வடார் பால்சாவை அள்ளிக்கொண்டு போனதிலிருந்து மரத்துக்கு விலை கேட்கவே பயமாக இருக்கிறது. இருந்தாலும் அடுத்தது லோ-விங் (இறக்கை உடலின் அடியில் இருக்கும் விமானம்), பிளான் பார்த்து நானே வெட்டப்போகிறேன்.

அதற்கு முன்னால் இதில் இன்னும் வேலை பாக்கி. சந்தேகம் வந்து ஹிஞ்சுகளை (கீல்களை) இழுத்துப் பார்த்தேன், இடது இறக்கையின் அசையும் மடலான ஐலரானில் ஒன்று கையோடு வந்துவிட்டது.