212-ஆம் பக்கத்தில் ஒரு பேருந்துச் சீட்டு

16 நவம்பர் 2024, சனி

நேற்று மாலை பிரபஞ்சனின் 'வானம் வசப்படும்' நாவலில் 212-ஆம் பக்கத்தில் இருந்தபோது வலக்கண்ணின் ஓரத்தில் ஒரு நிழல் விழுந்தது. யாரோ விளக்கை மறைக்கிறார்கள் என்று நினைத்துத் தலையைத் திருப்பினேன்; நிழலும் கூடவே திரும்பியது. கைக்குக் கிடைத்த பேருந்துச் சீட்டைப் பக்கத்தில் செருகிப் புத்தகத்தை மூடினேன்.

17 நவம்பர், ஞாயிறு

விழித்திரை விலகியிருக்கிறதாம். நாளைக் காலை அறுவைச் சிகிச்சை. இடக்கண் குழந்தைப் பருவத்திலிருந்தே சோம்பேறி. ஆள் வந்தால் சொல்லும், ஆனால் என் வாழ்நாளில் ஒரு வரிகூட எனக்குப் படித்துக் காட்டியதில்லை.

19 நவம்பர், செவ்வாய்

இதை நான் சொல்ல அண்ணன் மகள் எழுதுகிறாள். கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்றை வைத்திருக்கிறார்கள். அது மேலெழும்பி விழித்திரையை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டுமென்றால் நான் முகத்தைத் தரையை நோக்கியே வைத்திருக்க வேண்டும்: ஏழு நாட்கள், ஒரு மணி நேரத்துக்கு ஐம்பது நிமிடம், தூக்கத்திலும் குப்புற. குமிழி தானாகக் கரைய ஆறு முதல் எட்டு வாரம் ஆகுமாம். அதுவரை விமானத்தில் ஏறக் கூடாது, மலைக்குப் போகக் கூடாது. இரண்டுக்கும் எனக்கு வாய்ப்பே இல்லாததால் உடனே ஒப்புக்கொண்டேன்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் மெய்ப்புத் திருத்திப் பிழைத்தவள், இப்போது ஒற்று மிகும் இடங்களை வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "அத்தை, எல்லாத்துக்கும் ஒரு 'க்' போட்டுடறேன், வேண்டாததை அப்புறம் எடுத்துக்கலாம்" என்கிறாள் இவள். இதையும் அவளையே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

21 நவம்பர், வியாழன்

லாஸ்பேட்டை அக்கா, உப்பலவாடி வாத்தியார், மூலக்குளத்துத் தம்பி, நான் என்று நால்வர், ஒன்பது ஆண்டுகளாக ஞாயிறு மாலைகளில் புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வாரம் படித்ததைச் சொல்லி வருகிறோம். எங்களுக்கு ஒரே விதிதான்: பரிந்துரைப்பவர் தம் பிரதியையே கொடுக்க வேண்டும். "கடையில் கிடைக்கும், வாங்கிக்கொள்" என்பது எங்கள் கணக்கில் பரிந்துரை ஆகாது. தன் அலமாரியில் ஒரு மாதம் ஓட்டை விழச் சம்மதிக்காதவருக்கு அந்தப் புத்தகத்தின் மீது அவ்வளவுதான் அக்கறை. யாரிடம் எது இருக்கிறது என்று குறித்து வைக்கும் இரவல் நோட்டு என்னிடம் இருக்கிறது. இப்போது லாஸ்பேட்டை அக்கா விதியைத் திருத்திவிட்டார்: பரிந்துரைப்பவரே வந்து படித்துக் காட்ட வேண்டும்.

அவர் இன்று கொண்டுவந்தது கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்'. நான் இரண்டு முறை படித்த புத்தகம். ஆகவே சலிப்போடுதான் குப்புறக் கிடந்தேன். அரை மணி நேரத்தில் சலிப்பு போய்விட்டது. நூறு வயதைத் தாண்டிய பூட்டி, தன் முன்னோர் தெலுங்கு நாட்டிலிருந்து தப்பி வந்த கதையைச் சொல்லும் இடங்களில், கண்ணால் படித்தபோது நான் வேகமாகக் கடந்து போயிருந்த கொசுறுப் பேச்சுகள்தான் கதையைத் தூக்கி நிறுத்துகின்றன என்பது காதால் கேட்டபோதுதான் புரிந்தது. அச்சில் நீளமாகத் தெரிந்த வாக்கியம் அக்காவின் வாயில் மூச்சு முட்டாமல் முடிந்தது; சொல்லிப் பார்த்து எழுதிய வாக்கியம் போலும். அக்கா அவரைத் தன் பேட்டைக்காரர் என்றே சொல்வார். பல்கலைக்கழகத்தில் நாட்டார் கதைகளைச் சொல்லிக்கொடுக்க இந்த ஊருக்கு வந்து, 2021-இல் இறக்கும்வரை லாஸ்பேட்டையில் இருந்த மனிதர். கடைத்தெருவில் பலமுறை எதிர்ப்பட்டும் ஒரு வார்த்தை பேசாமல் விட்டதை அக்கா இன்றும் சொன்னார், நேற்று நடந்தது போல.

போகும்போது மேசை மீதிருந்த பிரபஞ்சனைக் கையில் எடுத்து, "இதையும் நானே முடித்துவிடட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். எனக்கே சரியாகத் தெரியவில்லை.

23 நவம்பர், சனி

உப்பலவாடி வாத்தியார் கடலூரிலிருந்து தினமும் வர முடியாது; ஆகவே இரவு எட்டு மணிக்குக் கைபேசியில் படிக்கிறார். முதலில் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. புதுமைப்பித்தன் 1906-இல் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர் என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார். ஜெயகாந்தனும் கடலூர்தான், மஞ்சக்குப்பம். எங்கள் பக்கத்துக்குப் பாரதிதாசனும் பிரபஞ்சனும் இருக்கிறார்களே, பாரதியும் பத்து ஆண்டுகள் இங்கேதானே இருந்தார் என்றால், "வாடகைக்கு இருந்தவரைக் கணக்கில் சேர்க்காதீர்களம்மா, 1918-இல் புறப்பட்டவர் நேரே எங்கள் கடலூர் சிறைக்குத்தானே வந்தார்?" என்பார். சிறை வைத்ததில் ஒருவருக்கு இவ்வளவு பெருமை இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

சிரித்தால் கண் வலிக்கிறது. கடவுள் ஊர் சுற்றிப் பார்க்கிற கதையை இந்த வாரத்துக்குத் தேர்ந்தெடுத்தவர் மீது அதற்காகக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

24 நவம்பர், ஞாயிறு

கழுத்து வலி. இன்று யாரும் வர வேண்டாம் என்று சொல்லியனுப்பினேன். மூவரும் வந்தார்கள்.

26 நவம்பர், செவ்வாய்

தலையை நிமிர்த்தலாம் என்றார் மருத்துவர். மல்லாந்து படுக்க மட்டும் கூடாது. ஏழு நாட்களாகச் சோம்பேறிக் கண்ணுக்குக் கலங்கலாகத் தெரிந்த சிவப்புத் தரையைத் தவிர வேறொன்றும் பார்க்காததால், வாசல் வெளிச்சமே திருவிழாவாக இருந்தது.

மூலக்குளத்துத் தம்பி ஜெயகாந்தனைக் கொண்டுவந்தான். அக்காவுக்கும் அவனுக்கும் உடனே சண்டை. 1966-இல் வந்த 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், மழையில் கெடுக்கப்பட்டு வந்த மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ தூய்மையானவள் என்று சொல்லிவிடுகிறாள். அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதிலிருந்து 'சில நேரங்களில் சில மனிதர்கள்' பிறந்தது. எதை முதலில் படித்துக் காட்டுவது? சிறுகதையை முதலில் கேட்டவளுக்கு நாவல் ஒரு தண்டனைபோல இருக்கும் என்கிறான் தம்பி. நாவலை முதலில் கேட்டால் சிறுகதை வெறும் ஆறுதலாகச் சுருங்கிவிடும் என்கிறார் அக்கா. இரண்டையும் என்றோ படித்து முடித்தவள் நான் என்பது இருவருக்கும் மறந்துபோயிற்று. அண்ணன் மகள் மட்டும் இரண்டையும் படித்ததில்லை. தண்ணீர் ஊற்றியதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று தீர்ப்பளித்துவிட்டாள்.

தம்பியும் 212-ஆம் பக்கத்தைத் திறந்து பார்த்தான். முடிவைச் சொல்லிவிடுவானோ என்று காதைப் பொத்திக்கொண்டேன். "சரித்திரக் கதைதானேக்கா, முடிவு உங்களுக்குத் தெரியாதா?" என்றான். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸ் 1754-இல் திரும்ப அழைக்கப்பட்டதும், 1761-இல் ஊர் ஆங்கிலேயரிடம் விழுந்ததும் தெரியும். பிரபஞ்சன் எந்த வரியில் நிறுத்துகிறார் என்பது தெரியாதே.

28 நவம்பர், வியாழன்

புயல் வரும் என்கிறார்கள். இரவல் நோட்டை அண்ணன் மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். திரும்பி வராதது ஒன்றுதான்: துய்ப்ளேக்ஸின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் ஒரு தொகுதி, அப்பாவின் கையெழுத்துள்ளது, வாத்தியார், ஜூன் 2019. பிரபஞ்சனின் நாவல் எழுந்து நிற்பதே அந்த நாட்குறிப்பின் மீதுதான் என்பதால், இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டுமென்று ஐந்து ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். கப்பல் வந்தது, முசே இப்படிச் சொன்னார், மதாம் அப்படிச் சொன்னாள் என்று போகிற அந்தப் பக்கங்களில், 1748-ஆம் ஆண்டு முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட நாளில் மட்டும் துபாஷியின் கை நடுங்கியிருக்கும் என்று அப்பா சொல்வார். அவர் அந்த இடத்தில் ஓரத்தில் பென்சிலால் ஏதோ எழுதியிருக்கிறார். என்னவென்று மறந்துவிட்டது.

வாத்தியாரிடம் மறுபடி கேட்டேன். "1736 முதல் 1761 வரை எழுதியதை 1846-இல்தான் கண்டெடுத்தார்கள். எண்பத்தைந்து ஆண்டு காத்திருந்த நாட்குறிப்பு, என் வீட்டில் ஐந்து ஆண்டு இருந்தால் என்னம்மா?" என்றார்.

30 நவம்பர், சனி

ஃபெஞ்சல். மின்சாரம் இல்லை.

1 டிசம்பர், ஞாயிறு

கரையைக் கடந்த புயல் நகராமல் ஊரின் மீதே நின்றுவிட்டது. ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழையாம். கிருஷ்ணா நகரில் இராணுவம் இறங்கியிருக்கிறது என்று பக்கத்து வீட்டு வானொலி சொல்லிற்று. எங்கள் தெருவில் முழங்கால் அளவு. வாசற்படியில் மூன்றாவது படி வரை வந்து நின்றது. முந்தாநாள் வந்த தம்பி இங்கேயே மாட்டிக்கொண்டான். அவன் பையில் இருந்தது அசோகமித்திரனின் 'தண்ணீர்'. குடத்தை வைத்துக்கொண்டு ஒரு தெருவே வரிசையில் நிற்கிற, ஜமுனாவும் டீச்சரம்மாவும் சேற்றில் நடக்கிற அந்தக் கதையை, டார்ச் வெளிச்சத்தில், சுற்றிலும் தண்ணீர் சளசளக்க அவன் படித்தான். மோட்டார் ஓடாததால் எங்கள் வீட்டிலும் குடிக்க ஒரு குடம்தான் மிச்சம்.

அசோகமித்திரன் ஒரு துக்கத்தை அறிவிக்க ஒருநாளும் குரலை உயர்த்துவதில்லை. படிப்பவரும் உயர்த்தாமல் இருந்தால்தான் அது கேட்பவருக்கு எட்டும். தம்பிக்கு அது இயல்பாகவே வாய்த்திருக்கிறது. வங்கியில் முப்பது ஆண்டு கணக்கு வாசித்த குரல்.

3 டிசம்பர், செவ்வாய்

சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை கரை மீறியிருக்கிறது. குண்டு உப்பலவாடியில் வீடுகளுக்குள் வெள்ளம். எட்டு மணிக்குக் கைபேசி ஒலிக்கவில்லை.

4 டிசம்பர், புதன்

ஒலிக்கவில்லை.

6 டிசம்பர், வெள்ளி

பேசினார். மகன் வீட்டு மாடியில் இருக்கிறாராம். உடம்புக்கு ஒன்றுமில்லை, சர்க்கரை மாத்திரை மட்டும் இரண்டு நாள் தவறியதாம். பிறகு சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கனமான புத்தகங்களை அடித்தட்டில் வைப்பதுதானேம்மா வழக்கம்" என்றார்.

வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. எப்படிக் காயவைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அச்சகத்தில் மழை புகுந்த ஆண்டுகளில் கற்றது. வெயிலில் போடக் கூடாது, தாள் நெளிந்து முறுகும். ஒட்டிய பக்கங்களை ஈரத்தில் பிரிக்க முயலக் கூடாது. புத்தகத்தை விசிறிபோல விரித்து நிமிர்த்தி வைத்து, மின்விசிறிக் காற்றில், இருபது பக்கத்துக்கு ஒரு செய்தித்தாளை இடையில் செருகி, தாள் நனைய நனைய மாற்ற வேண்டும். பேனா மை கரைந்திருக்கும். பென்சில் கரையாது. இதை இரண்டு முறை சொன்னேன் என்று அண்ணன் மகள் சொல்கிறாள்.

9 டிசம்பர், திங்கள்

குமிழிக்கு ஒரு கோடு உண்டு என்று மருத்துவர் சொல்லியிருந்தது இன்றுதான் தெரிந்தது. பாதி நிரம்பிய புட்டியைக் கண்ணுக்கு முன் பிடித்தாற்போல, கீழே கலங்கல், மேலே ஒரு விரற்கடைத் தெளிவு. தலையைச் சாய்த்தால் கோடு சாய்வதில்லை, நடந்தால் தளும்புகிறது. கோட்டுக்கு மேலே முதலில் அகப்பட்டது சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியின் 9. மிக அழகான 9.

14 டிசம்பர், சனி

கோடு இறங்கியிருக்கிறது. அக்கா புதிதாக ஒரு கட்டுரைத் தொகுப்பைக் கொண்டுவந்தார். அது காதுக்கு ஒத்துவரவில்லை. வாக்கியத்துக்கு மூன்று அடைமொழி. ஒவ்வொன்றையும் கேட்கும்போது கையில் சிவப்புப் பேனா இல்லையே என்றிருந்தது. அக்காவுக்கு வருத்தம். பரிந்துரையை மறுப்பது ஆளையே மறுப்பதுபோல் ஆகிவிடுகிறது. ஆகவே அடுத்த அதிகாரத்தையும் கேட்டேன்.

17 டிசம்பர், செவ்வாய்

வாத்தியார் வியாழக்கிழமை வருகிறாராம். தொகுதி முன்பைவிட இரு மடங்கு தடித்துவிட்டது, அட்டை மூடவில்லை, கயிறு கட்டிக் கொண்டுவருகிறேன் என்றார். பென்சிலைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

19 டிசம்பர், வியாழன்

இதை நானே எழுதுகிறேன். வரிகள் ஏறி இறங்கியிருக்கும். காலையில் ஐந்து நிமிடம் மட்டும் பிரபஞ்சனைத் திறந்தேன். பக்கத்தை நெற்றிக்கு நேராக உயர்த்திப் பிடித்தால், மேல் வரி மட்டும் கோட்டுக்கு மேலே வந்து நிற்கிறது. பேருந்துச் சீட்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. 213-ஆம் பக்கத்தின் முதல் வரியைப் படித்தேன். இரண்டாவது வரிக்குப் புத்தகத்தை இன்னும் உயர்த்த வேண்டியிருந்தது, கை வலித்தது.

வாசலில் ஆட்டோ நிற்கிற சத்தம்.