ரெக்கார்டு மின்னுகிறது, ஆனால் சுத்தமாகவில்லை

தெரிந்தவர் ஒருவர் ஒரு வீடியோவை அனுப்பி, இப்படிச் செய்யலாமா என்று கேட்டிருந்தார். துருப்பிடித்த கீலுக்கும் போல்ட்டுக்கும் அடிக்கும் டபிள்யூ.டி-40 ஸ்ப்ரேயை ஒருவர் எல்.பி. ரெக்கார்டின் (இசைத்தட்டின்) மேல் தாராளமாக அடிக்கிறார், துணியால் துடைக்கிறார், புதுசு மாதிரி மின்னுகிறது பாருங்கள் என்று வெளிச்சத்தில் திருப்பிக் காட்டுகிறார். மின்னுகிறது, உண்மைதான். உடனே போட்டுக் கேட்டால் படபட சத்தம்கூடக் கொஞ்சம் குறைந்திருக்கும். அதனால்தான் இந்த யோசனை சாகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வேண்டவே வேண்டாம் என்று பதில் போட்டேன். ஏன் என்பதை இரண்டு வரியில் சொல்ல முடியவில்லை, அதனால் இந்தப் பதிவு.

முதலில் பாட்டு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சிடியில் லேசர் ஒளி 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கைக் கடந்து போய்த்தான் தகவலைப் படிக்கிறது. அந்தப் பிளாஸ்டிக்கின் மேல் விழுந்த லேசான கீறலைப் பற்பசை போட்டுத் தேய்த்து மழுப்பினால் சில சமயம் சிடி மறுபடி ஓடும். இதை யாரோ ரெக்கார்டுக்கும் சொல்லிவிட்டார்கள். ரெக்கார்டில் மேற்பரப்புக்குக் கீழே எதுவும் இல்லை, மேற்பரப்புதான் பாட்டு. ஊசி ஓடும் பள்ளத்தின் அகலம் சுமார் 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பெரும்பாலான தலைமுடியைவிட ஒடுக்கம். அதன் இரண்டு சுவர்களிலும் இருக்கும் நெளிவுகள்தான் இடது சேனலும் வலது சேனலும். சிம்பலின் சிலிர்ப்பு, பாடுபவர் மூச்சிழுக்கும் ஓசை போன்ற மெல்லிய விஷயங்களின் நெளிவு ஒரு மைக்ரானுக்கும் குறைவாக இருக்கலாம். பற்பசையில் இருக்கும் அரைக்கும் துகள்கள் அதைவிடப் பல மடங்கு பெரியவை. அவற்றை வைத்துத் தேய்த்தால் அந்த நெளிவுகள் போய்விடும், திரும்ப வராது.

இன்னொன்று, ஊசியின் பாரம். ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்மில் நாம் வைப்பது சுமார் 2 கிராம்தான், ஆனால் ஊசிமுனை பள்ளத்தின் சுவரைத் தொடும் இடம் சில மைக்ரான் அளவுதான் என்பதால் அங்கே விழும் அழுத்தம் மிகப் பெரியது. பள்ளத்தில் பிசுக்கும் தூசியும் இருந்தால் ஊசி அதை ஒதுக்கிவிட்டுப் போகாது, சுவரோடு சேர்த்து அழுத்தித் தேய்க்கும்.

இது புரிந்துவிட்டால், வீட்டில் இருக்கும் எந்தப் பாட்டிலை எடுத்தாலும் ஒரே கேள்வி கேட்டால் போதும்: இது காய்ந்த பிறகு பள்ளத்தில் எதை விட்டுவிட்டுப் போகும்? ரெக்கார்டைக் கரைத்துவிடுமோ என்றுதான் எல்லாரும் பயப்படுகிறார்கள். கரைக்கும் பொருட்கள் இருக்கின்றன, அதற்கும் வருகிறேன். ஆனால் நிறையத் தட்டுகள் கெடுவது மேலே தங்கிப்போகும் பொருட்களால். கண்ணுக்குத் தெரியாமல், மெதுவாக.

அந்த ஸ்ப்ரேயையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது பெரும்பாலும் பெட்ரோலியக் கரைப்பானும் எண்ணெயும். கரைப்பான் பறந்துபோகும், எண்ணெய் தங்கும். முதல் தடவை சத்தம் குறைவதற்குக் காரணமே அந்த எண்ணெய்ப் படலம்தான். பிறகு காற்றில் இருக்கும் தூசி அதில் ஒட்ட ஆரம்பிக்கும், எண்ணெயும் தூசியும் சேர்ந்து பசையாகும், அந்தப் பசை ஊசிமுனையில் உருண்டு திரளும், அப்புறம் அந்த ஊசி அடுத்தடுத்துப் போடும் நல்ல தட்டுகளிலும் அதைப் பூசிக்கொண்டே போகும். ஊசி பொருந்தியிருக்கும் கார்ட்ரிட்ஜ் என்ற சின்னப் பெட்டிக்குள் ஊசித்தண்டைத் தாங்கும் சின்ன ரப்பர் ஒன்று இருக்கிறது, எண்ணெய் அங்கே ஏறினால் அதுவும் வீணாகலாம். ஒரு தட்டைப் பளபளப்பாக்கப் போய் கார்ட்ரிட்ஜையும் பணயம் வைக்கிற வேலை இது. மரச்சாமான் பாலிஷும் இதே வகைதான், எண்ணெய்க்குப் பதில் மெழுகும் சிலிக்கோனும். துணி மென்மையாக்கும் திரவத்தைச் சிலர் ஸ்டாட்டிக், அதாவது தூசியை இழுக்கும் நிலைமின்சாரம், போகும் என்று போடுகிறார்கள். போகும்தான், இழையின் மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் பூசித்தான் அது அந்த வேலையைச் செய்கிறது. அதே படலம் பள்ளத்திலும் உட்காரும்.

ஹேண்ட் சானிடைசர், ஈர டிஷ்யூ இரண்டும் ஆல்கஹால் இருக்கிறது, தூய்மையாகத்தானே இருக்கும் என்ற நம்பிக்கையில் கைக்கு வருகின்றன. ஜெல்லில் கிளிசரினும் அதைக் கெட்டியாக்கும் பொருளும் உண்டு, ஈர டிஷ்யூவில் தோலுக்கான லோஷன், வாசனை. கையில் தங்கி மென்மையாக வைக்கட்டும் என்றே சேர்த்தவை அவை, தட்டிலும் தங்கத்தான் செய்யும். பாத்திரம் கழுவும் திரவத்தைப் பற்றி நான் அவ்வளவு கடுமையாகச் சொல்ல மாட்டேன். அழுக்கை எடுக்கும் வேலையை அது நன்றாகவே செய்யும், எல்.பி.யின் பிளாஸ்டிக்கான வினைலைக் கரைக்காது. சிக்கல் அதில் இருக்கும் நிறம், வாசனை, கைக்கு இதமான சேர்மானங்கள். நன்றாக அலசினால் பெரும்பகுதி போகும், ஆனால் அலசுவதைத்தான் யாரும் பொறுமையாகச் செய்வதில்லை.

சரி, கரைக்கும் பொருட்கள். நெயில் பாலிஷ் ரிமூவரை ரெக்கார்டு இருக்கும் அறைக்கே கொண்டுவராதீர்கள். எல்.பி. தட்டு வினைல் குளோரைடும் வினைல் அசிட்டேட்டும் சேர்ந்த பிளாஸ்டிக், அசிட்டோன் அதை இளக்கிக் கரைக்கும். பட்ட இடம் வெளிறி, மங்கிப்போகும், அங்கே பாட்டு முடிந்தது. பெயின்ட் தின்னரும் அப்படியே. நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் பழைய சின்னத் தட்டுகள் சில வினைலே அல்ல, பாலிஸ்டைரீன் என்ற வேறு பிளாஸ்டிக். அவை இன்னும் மோசமாக அடி வாங்கும்.

ஆல்கஹாலைப் பற்றித்தான் நிறைய வாய்ச்சண்டை. அது வினைலில் இருக்கும் பிளாஸ்டிசைசரை (பிளாஸ்டிக்கை வளையவைக்கச் சேர்க்கும் பொருளை) உறிஞ்சித் தட்டை நொறுங்கவைத்துவிடும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எனக்கு அந்த வாதம் ஒப்பவில்லை. தோட்டத்துக் குழாய் மாதிரி வளையும் பி.வி.சி.யில்தான் பிளாஸ்டிசைசர் நிறைய இருக்கும், எல்.பி. கெட்டியான வகை, அதில் உறிஞ்சுவதற்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது. கடையில் விற்கும் ரெக்கார்டு திரவங்கள் சிலவற்றிலேயே கொஞ்சம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இருக்கிறது. அதனால் நீர்த்த ஆல்கஹால் பட்டுவிட்டதே என்று வினைல்காரர்கள் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம்.

ஆனால் எல்.பி.க்கு முந்தைய, நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டு என்றால் கதை முற்றிலும் வேறு. பெரும்பாலான 78 தட்டுகள் அரக்கில் செய்தவை, ஆல்கஹால் அரக்கைக் கரைக்கும். மரச்சாமானுக்குப் பூசும் அரக்கு வார்னிஷைத் தயாரிப்பதே அரக்கை ஆல்கஹாலில் கரைத்துத்தான். ஒரு பஞ்சில் தொட்டு ஒரு சுற்றுத் துடைத்தால் பஞ்சு கறுப்பாகும். அழுக்கு வருகிறது என்று சந்தோஷப்பட்டு இன்னும் அழுத்தித் துடைப்பார்கள், வருவது தட்டு. இதை நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது, ஏனென்றால் பல 78 தட்டுகளில் இருக்கும் குரல்கள் வேறு எங்கும் மறுபதிப்பு ஆனதே இல்லை. கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தில் ஆல்கஹாலோடு அமோனியாவும் இருப்பதுண்டு, அரக்கு காரத்திலும் கரையும் என்பதால் அது இரட்டை ஆபத்து.

இதைவிட அரிதான ஒன்று இருக்கிறது. டேப் பரவலாவதற்கு முன் வானொலி நிலையங்களிலும் வீடுகளிலும் நேரடியாக வெட்டிப் பதிவுசெய்த லாக்கர் தட்டு. அலுமினியத் தகட்டின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு, பெரும்பாலும் உலகத்திலேயே ஒரே பிரதி. விளிம்பிலோ நடுத்துளையிலோ உலோகம் தெரிந்தால் அதுவாக இருக்கலாம். அதன் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் பூஞ்சை என்று நினைத்து ஆல்கஹாலைத் தொடாதீர்கள், அந்தப் பூச்சையே அது தாக்கும். எடிசன் டயமண்ட் டிஸ்க் போன்ற பழைய தட்டுகளுக்குத் தண்ணீரே ஆகாது, உள்ளே இருக்கும் பொருள் ஊறி உப்பிவிடும். எதனால் செய்தது என்று நிச்சயமாகத் தெரியாத தட்டு என்றால் காய்ந்த மென்மையான பிரஷோடு நிறுத்திக்கொண்டு, ஆவணக் காப்பகத்தில் வேலை பார்ப்பவர் யாரையாவது கேளுங்கள்.

மரப்பசையை ஊற்றிக் காயவைத்து உரித்தெடுக்கும் முறை பார்க்க அழகாக இருக்கிறது, நன்றாக வந்தது என்று சொல்பவர்கள் நிறையப் பேர். மெல்லியதாக ஊற்றிய இடத்தில் பசை கிழிந்து ஒட்டிக்கொண்டால் நகத்தால் சுரண்ட ஆரம்பிப்பார்கள், அங்கேதான் கீறல் விழுகிறது. உரிக்கும்போது ஏறும் ஸ்டாட்டிக் அடுத்த நிமிடமே தூசியை இழுக்கும். அரக்குத் தட்டில் செய்தால் உரிக்கும்போதே உடையலாம். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தண்ணீரையும் சும்மா விட முடியாது. குழாய்த் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் இருக்கின்றன, குழாயின் வாயில் வெள்ளையாகப் படிவது அதுதான். பள்ளத்திலும் அதுவே படியும், சின்னச் சின்னப் படிகங்களாக, ஒவ்வொன்றும் ஒரு டிக். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, இல்லாமல் போய்விடாது. டிஸ்டில்டு வாட்டர்தான் சரி, பேட்டரிக்கு ஊற்ற விற்பார்களே அதுகூடப் போதும், அமிலம் கலக்காததா என்று மட்டும் பாட்டிலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் வினைலை எப்படித்தான் கழுவுவது? அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் போன்ற பெரிய காப்பகங்கள் செய்வது வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது: உப்பு நீக்கிய தண்ணீர், அதில் அயனி இல்லாத வகை சர்ஃபேக்டன்ட் (சோப்பு மாதிரி அழுக்கைத் தளர்த்தும் பொருள்) மிகக் கொஞ்சம், பிறகு சுத்தத் தண்ணீரில் அலசல். வாசனை, நிறம், பளபளப்பு எதுவும் கிடையாது. முதலில் கார்பன் ஃபைபர் பிரஷால் மேல் தூசியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஈரத்தோடு அது சேறாகும். திரவம் போட்டதும் பள்ளம் ஓடும் திசையிலேயே வட்டமாக பிரஷ் செய்யுங்கள், குறுக்கே வேண்டாம். நடுவில் இருக்கும் லேபிள் காகிதம், அதை நனையவிடாதீர்கள். டிஷ்யூ பேப்பரால் ஒற்றாதீர்கள், அது மர நார், இழை உதிரும். அலசலை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகச் செய்யுங்கள், எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். செங்குத்தாக நிறுத்தி நிழலில் காயவிடுங்கள். ஹேர் டிரையர், வெந்நீர் இரண்டுமே ஆகாது, தட்டு வளைந்துவிடும். முழுதாகக் காய்ந்த பிறகு புது உள்ளுறையில் போடுங்கள், பழைய உறையில் இருக்கும் தூசி கழுவிய தட்டில் அப்படியே திரும்ப ஏறும். மெத்தென்ற பி.வி.சி. உறையும் வேண்டாம், அதிலிருந்து கசியும் பொருள் வருடக்கணக்கில் தட்டின் மேல் மங்கலான படலமாக ஏறுவதுண்டு.

ஏற்கெனவே எண்ணெயோ பாலிஷோ பூசிய வினைல் தட்டு உங்களிடம் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எண்ணெய்ப் படலம் ஒரே கழுவலில் போகாது, சர்ஃபேக்டன்ட் கலந்த தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவி, ஒவ்வொரு தடவையும் அலசிக்கொண்டே போனால் பெரும்பாலும் வந்துவிடும். அதுவரை அந்தத் தட்டை நல்ல ஊசியால் போடாதீர்கள். கழுவி முடித்து முதல் தடவை போட்டதும் ஊசிமுனையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், பிசுக்கு உருண்டு நின்றால் தட்டில் இன்னும் மிச்சம் இருக்கிறது, மறுபடி கழுவ வேண்டியதுதான்.