சொக்கெகிராவ்: இறங்கி, ஏறி, மறுபடி இறங்கி, மறுபடி ஏறி

முதலில் அந்த டாக்ஸிக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வயிற்றெரிச்சல் அடங்காது.

சொக்கெகிராவ் என்பது பெரு நாட்டு மலைக்குள் கிடக்கும் இன்கா காலத்து இடிபாடு, நடந்துதான் போகவேண்டும். அதற்காக குஸ்கோ நகரத்திலிருந்து அபங்காய் போகும் பஸ்ஸில் விடிகாலை 5 மணிக்கு ஏறினோம். நான்கு மணி நேரமும் வளைவுதான். முன்சீட்டு அம்மாள் முதல் மணி நேரத்திலேயே பிளாஸ்டிக் பையைத் தேட ஆரம்பித்துவிட்டார். கச்சோரா கிராமத்துக்குச் சாலை பிரியும் இடத்தில் எங்களை இறக்கிவிட்டு பஸ் போய்விட்டது. ஒரு தகரக் கொட்டகை, இரண்டு நாய், ஒரே ஒரு வெள்ளைக் கார். அந்த ‘ஒரே ஒரு’தான் வினை. நடை தொடங்கும் கபுலியோக் வரை ஆளுக்கு 20 சோல் என்று விடுதியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இவர் இரண்டு பேருக்கு 120 என்றார். ஒரு சோல் 22 ரூபாய்க்கு மேல், நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

“விட்றா, வேற வண்டி வரும்” என்றான் நண்பன். முக்கால் மணி நேரத்தில் வந்தது ஒரே வண்டி, அதிலும் ஏற்கெனவே ஏழு பேர், ஓர் ஆடு. நம் ஆள் கதவைத் திறந்து கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். எங்களுக்கு வேறு வழியில்லை என்று அவருக்குத் தெரியும். 100க்கு முடிந்தது. பாதி வழியில் மூட்டையோடு இரண்டு பெண்களையும் ஏற்றிக்கொண்டார். அவர்கள் கொடுத்தது ஆளுக்கு 5 சோல்.

சரி, எல்லாரும் போகும் இன்கா இடிபாடான மச்சு பிச்சுவை விட்டு இங்கே ஏன்? காசுதான். அங்கே நடந்து போகும் இன்கா பாதையில் தனியாகப் போக முடியாது. உரிமம் பெற்ற ஏஜென்சியோடுதான் போகவேண்டும், சுமைதூக்குபவர்களையும் சேர்த்து ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. எங்களிடம் கேட்ட தொகையில் நான் ஊருக்கே விமானத்தில் திரும்பியிருப்பேன். சொக்கெகிராவுக்கு ஏஜென்சி வேண்டாம். நுழைவுக் கட்டணம் 60 சோல், கூடாரம், இரண்டு கால், அவ்வளவுதான். செலவுக் கணக்கு முழுவதையும் கடைசியில் ஒழுங்காகப் போடுகிறேன்.

கபுலியோக் கிட்டத்தட்ட 2,900 மீட்டர் உயரம். அங்கிருந்து அபுரிமாக் ஆறு ஓடும் பள்ளத்தாக்குக்குள் 1,500 மீட்டர் வரை இறங்கவேண்டும். பாலம் தாண்டி, எதிர்ப்பக்கம் மறுபடி 2,900க்கு ஏறவேண்டும். திரும்பும்போதும் அதே கதை. இடிபாடு கண்ணெதிரே பச்சைத் திட்டாகத் தெரிகிறது, பறவையாக இருந்தால் பத்து நிமிடம். எங்களுக்குப் போக இரண்டு நாள், வர இரண்டு நாள்.

இறக்கம் சுலபம் என்று நினைப்பவர்கள் முதல் நாள் மாலை என் முட்டியிடம் பேசிப் பாருங்கள். பொடிமண்ணும் சரளையும் வழுக்க, ஒவ்வோர் அடியிலும் கட்டைவிரல் ஷூவின் நுனியில் இடிக்கிறது. சிக்கீஸ்கா முகாமில் ஷூவைக் கழற்றியபோது இரண்டு நகம் நீலம். இப்போது கறுப்பு. கோவேறு கழுதைகள் வந்தால் மலைப்பக்கம் ஒதுங்குங்கள். பள்ளப்பக்கம் நின்றால் மூட்டை இடித்துத் தள்ளிவிடும்.

ராத்திரி முழுக்கக் கீழேயிருந்து ஆற்றின் சத்தம். இன்காக்களின் கெச்சுவா மொழியில் ‘அப்பு’ என்றால் மலைத்தெய்வம், ‘ரிமாக்’ என்றால் பேசுவது. பேசும் தெய்வம்! பொருத்தமான பேர், தூங்கவே விடவில்லை.

மறுநாள் ஆற்றோரம் ரொசலீனா கரையில் காலை எட்டு மணிக்கே அனல். அங்கே கொசுவைவிடச் சின்ன ஈ ஒன்று உண்டு. கடிக்கும்போது தெரியாது, நடுவில் ரத்தப்புள்ளியோடு தடிப்பு வரும், அப்புறம் ஒரு வாரம் சொறியவேண்டியதுதான். முழுக்கால் பேன்ட் போடுங்கள். நான் போடவில்லை.

ஏற்றத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஏறினோம்.

மராம்பாத்தா! விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் சில வீடுகள். முற்றத்தில் கூடாரம் போடவிட்ட அம்மாவிடம் எனக்குத் தெரிந்த நாலு ஸ்பானிஷ் வார்த்தையில் ‘கறி வேண்டாம்’ என்றேன். அடுப்படியில் கால்களுக்கிடையே கினிப்பன்றிகள் ஓடிக்கொண்டிருந்தன. வளர்ப்புப் பிராணி என்று நினைத்தீர்களா? இல்லை, விருந்து. எங்களுக்கு உருளைக்கிழங்கு சூப், சோறு, பொரித்த முட்டை, பக்கத்தில் மறுபடி உருளைக்கிழங்கு. கூடவே ஒரு கிண்ணத்தில் அரைத்த ரொக்கோட்டோ மிளகாய். பார்க்கத் தக்காளி மாதிரி கொழுகொழுவென்று இருக்கும், வெட்டினால் விதை கறுப்பு. “காரம், ஜாக்கிரதை” என்று அந்த அம்மா சைகையில் எச்சரித்தார். நாங்கள் கிண்ணத்தைக் காலி செய்து இன்னொன்று கேட்டதும் பக்கத்து வீட்டிலிருந்து ஆளைக் கூப்பிட்டுக் காட்டினார். மிளகாய் நம் அடுப்படிக்கு வந்ததே இந்தக் கண்டத்திலிருந்துதான் என்று விளக்க ஆசை, ஸ்பானிஷ் போதவில்லை. ஆளுக்கு 20 சோல். குஸ்கோவின் சாப்பாட்டுக் கடைகளில் இதில் பாதிதான். ஆனால் அங்கே அரிசி கழுதை முதுகில் இரண்டு நாள் வருவதில்லையே. இந்தப் பயணத்தில் மனசார நான் கொடுத்த ஒரே காசு அது.

மூன்றாம் நாள் சொக்கெகிராவ். ‘தங்கத் தொட்டில்’ என்று பொருள். மச்சு பிச்சுவை உலகுக்குச் சொன்ன ஹிராம் பிங்கம், அதற்கு இரண்டு வருடம் முன்னால் 1909இல் இங்கேதான் வந்தார். 1536இல் ஸ்பானியரை எதிர்த்து எழுந்த இன்கா மன்னர் மான்கோ இன்கா பின்வாங்கியது இந்த வில்கபாம்பா மலைகளுக்குள். 1572 வரை ஸ்பானியரால் அந்தக் கடைசி அரசை அடக்க முடியவில்லை. புத்தகத்தில் படித்தபோது ஏன் என்று புரியவில்லை, அந்தப் பள்ளத்தாக்கை ஏறியதும் புரிந்தது.

குஸ்கோவில் கத்திகூட நுழையாத கல்லிணைப்பைப் பார்த்துவிட்டு வந்தால் இந்தச் சுவர்கள் முதலில் சுமாராகத்தான் தெரியும். இங்கே கிடைப்பது அடுக்கடுக்காக உரியும் பாறை. இழைக்க வராது. மண்சாந்து வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பாதிக்கு மேல் இன்னும் காட்டுக்குள் கிடக்கிறது. அன்று முழுவதும் நாங்கள் பார்த்த மனிதர்கள் பதினொரு பேர், அதில் நான்கு பேர் புல் வெட்டுகிறவர்கள். மலை உச்சியைச் சீவித் தட்டையாக்கிய சடங்கு மேடையில் ஒரு மணி நேரம் படுத்திருந்தேன். எழுந்து போ என்று எந்தக் காவலரும் விசில் ஊதவில்லை.

லாமாக்களைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். மேற்குச் சரிவில் செங்குத்தாக இறங்கும் அடுக்கு வயல்கள். அவற்றின் கரும்பழுப்புச் சுவரிலேயே வெள்ளைக் கல் பதித்து 20க்கும் மேற்பட்ட லாமாக்கள். 2000க்குப் பிறகுதான் காட்டைக் கழித்து இவற்றை வெளியே கொண்டுவந்தார்கள். படிகளைப் பார்த்ததும் நண்பன் மேலேயே உட்கார்ந்துவிட்டான். நான் தனியாக இறங்கினேன். ஒரு சுவரின் முன் நின்றால் லாமா என் நெஞ்சுயரம். கழுத்து நிமிர்ந்து, நடக்கும் வாக்கில் கால்கள். எல்லாமே ஏறுகிற பக்கம் பார்த்திருக்கின்றன. அதில் ஒன்று மட்டும் சின்னது. குட்டியோ என்னவோ, அதைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். திரும்பி ஏற ஒரு மணி நேரம் ஆனது.

பள்ளத்தாக்குக்குக் குறுக்கே கேபிள் கார் போட வேண்டுமென்று வருடக்கணக்காகப் பேச்சு நடக்கிறது. கால் மணி நேரத்தில் வந்துவிடலாமாம். மூன்றாம் நாள் அந்த மேடையில் படுத்துக்கொண்டு, “அது மட்டும் வந்தது, இந்த இடம் நாசம்” என்று நண்பனிடம் பெரிதாகப் பேசினேன். நான்காம் நாள் மதியம், ஆற்றைத் தாண்டி சிக்கீஸ்கா ஏற்றத்தில் தண்ணீர் தீர்ந்தது. “இப்ப என்னடா சொல்ற?” என்றான். பதில் சொல்ல மூச்சில்லை. அன்றைக்கு யாராவது மனுவோடு வந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஐந்தாம் நாள் வெயிலுக்குப் பயந்து விடிகாலை 3 மணிக்கே டார்ச்சோடு கிளம்பி, எட்டரைக்கு கபுலியோக் வந்து சேர்ந்தோம். செலவுக் கணக்கை எழுதி வைத்திருந்த நோட்டு மராம்பாத்தாவிலோ எங்கேயோ விழுந்துவிட்டது, மன்னியுங்கள். மேலே சொன்னவற்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். கபுலியோக்கில் ஒரே ஒரு வண்டி நின்றது. அதே வெள்ளைக் கார். வெளியே நீட்டிய அதே கால்கள்.

“120” என்றார்.

ஏறி உட்கார்ந்தோம்.