லாவண்டர் தொட்டிக்குள் மூன்று முட்டை

விக்டோரியாவுக்குக் குடிவந்த முதல் கோடையில், வீட்டுக்குப் பின்னாலிருக்கும் கல்சுவரில் ஏதோ ஒன்று விருட்டென்று ஓடியது. பல்லி என்று சொல்ல மனம் வரவில்லை, ஓணானும் இல்லை. அரணை மாதிரி உடம்பு, வாலோடு சேர்த்தால் ஒரு சாண் இருக்கும், முதுகில் பச்சையும் கரும்புள்ளியும். கனடாவில் போய் இதுவா!

இதன் பேர் சுவர்ப்பல்லி, சொந்த ஊர் ஐரோப்பா. 1970இல் பக்கத்து சானிச் தீபகற்பத்தில் ஒரு சின்னத் தனியார் விலங்குக் காட்சியகத்தை மூடியபோது, பத்துப் பன்னிரண்டை அப்படியே வெளியே விட்டிருக்கிறார்கள். வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதை நமக்குத் தெரியும். இங்கே மடியில் இருந்ததை வேலியில் விட்டுவிட்டார்கள். இப்போது விக்டோரியா இருக்கும் வான்கூவர் தீவில் லட்சக்கணக்கில் இருக்கின்றன.

கனடாவின் மற்ற இடங்களோடு ஒப்பிட்டால் விக்டோரியாவில் குளிர் சாது. போன ஜனவரியில் நல்ல வெயிலடித்த ஒரு மதியம், கல்லிடுக்கிலிருந்து ஒன்று வந்து பத்து நிமிடம் காய்ந்துவிட்டுப் போனது. போதாததற்கு இந்தச் சுவர்ப்பல்லி ஒரு கோடையிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட தடவை முட்டையிடும். இந்தத் தீவின் சொந்தப் பல்லியான முதலைப்பல்லி முட்டை இடுவதில்லை, குட்டிதான் போடும். கூச்ச சுபாவம். ஆறு வருடத்தில் இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறேன்.

ஆரம்பத்தில் எனக்கு இவை செல்லம். பூனை பிடித்த ஒன்று வாலை விட்டுவிட்டு ஓட, துடித்துக்கொண்டிருந்த வாலைப் பூனை திகைத்துப் பார்த்ததை வீடியோகூட எடுத்தேன். அப்புறம் ஒருநாள், லாவண்டர் பூவில் உட்கார்ந்த தேனீயை ஒன்று லபக்கென்று கவ்வியது. அதிலிருந்து கொஞ்சம் உறுத்தல்.

இந்த ஜூலையில் அதே லாவண்டர் தொட்டியை, ஃபெர்ரி ஏறி, தீவைத் தாண்டி அக்கரையில் உள்ள வான்கூவர் நகரத்தில் இருக்கும் தோழிக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. தொட்டி மண்ணிலும் வைக்கோல் கட்டிலும் ஒளிந்துதான் இவை ஊர் தாண்டுகின்றன என்று படித்த ஞாபகம். சந்தேகத்தில் ஓரத்து மண்ணைக் கிளறினேன். வெள்ளையாக, புளியங்கொட்டை அளவில் மூன்று முட்டை.

"தூக்கிப் போடேன்" என்றார் கணவர். நீங்களே போடுங்கள் என்றேன். அவரும் போடவில்லை.

தோழி நேற்றும் கேட்டாள், "அக்கா, தொட்டி எப்போ வரும்?"

செடி வாடியிருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.