கன்னிசனில் குளிர்காலம்: வண்டிக் குறிப்புகள்

ஜனவரி 8
கொலராடோவில் கன்னிசன் என்ற ஊர். உயரம் சுமார் 7,700 அடி. ஜனவரி இரவுகளில் மைனஸ் 20 செல்சியஸ் என்பது இங்கே சாதாரணம். சுற்றிலும் உள்ள மலைகளிலிருந்து குளிர்காற்று இறங்கி வந்து பள்ளத்தாக்கில் தேங்கிவிடுகிறது. இன்னும் உயரத்தில் இருக்கும் கிரஸ்டட் பியூட்டைவிடப் பல நாள் காலையில் இங்கேதான் குளிர் அதிகம். அங்கே போய்ப் பனிச்சறுக்கு, இங்கே ஆர்வியில், அதாவது வீடு போன்ற வண்டியில், குடித்தனம் என்பது இவருடைய யோசனை. சரி, பார்க்கலாம்.

ஜனவரி 9
இங்கே இருக்கும் தண்ணீர்க் குழாய் உறையாத வகை. கைப்பிடி மேலே, வால்வு ஆழத்தில் மண்ணுக்குள். மூடியதும் நடுக்குழாயில் நிற்கும் தண்ணீர் கீழே சரளைக்குள் வடிந்துவிடும். ஹோஸை மாட்டியே விட்டால் சரியாக வடியாது. அதனால் வெயில் ஏறியதும் டேங்கை நிரப்பி, ஹோஸைக் கழற்றி உதறிச் சுருட்டிக் காருக்குள் போட்டுவிடுகிறோம். அப்புறம் பம்ப்தான். சூடேறும் ஹோஸ் விற்கிறார்கள். நடுராத்திரி கரண்ட் போனால் அதுவும் ஐஸ் குச்சிதான்.

ஜனவரி 11
பக்கத்து வண்டிக்காரர் காலையில் தண்ணீர் வரவில்லை என்று வந்து நின்றார். உள்ளே போனால் கதகதப்பு, ஆள் பனியனோடு இருக்கிறார்! கேஸை மிச்சப்படுத்த ராத்திரி முழுக்க இரண்டு மின்சார ஹீட்டர் ஓடியிருக்கிறது. வில்லங்கமே அதுதான். வண்டியோடு வரும் கேஸ் ஹீட்டர்தான் ஃபர்னஸ். அதன் வெப்பக் காற்றில் ஒரு பங்கு தரைக்கு அடியில் போய் டேங்கையும் குழாய்களையும் சூடாக வைக்கிறது. அறை சூடாகவே இருந்தால் தெர்மோஸ்டாட் ஃபர்னஸைக் கூப்பிடாது. மேலே மனுஷனுக்குச் சுகம், கீழே குழாய்க்குச் சாவு.

இவர் மல்லாந்து படுத்து அடித்தகட்டை அவிழ்த்தார். நான் தலைமுடி காயவைக்கும் டிரையரை நீட்டிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு சிங்க் குழாய் இரண்டு முறை இருமியது, நொறுங்கின ஐஸ் விழுந்தது, தண்ணீர் வந்தது. கூடவே ஒரு பிளாஸ்டிக் முழங்கை மூட்டிலிருந்தும் சொட்டியது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும், மூட்டு தாங்குமா?

ஜனவரி 12
கேஸ் கணக்கு. 20 பவுண்டு சிலிண்டரில் சுமார் 4,30,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு). எங்கள் ஃபர்னஸ் மணிக்கு 30,000. நிறுத்தாமல் ஓடினால் 14 மணி நேரத்தில் காலி. நல்லவேளை, விட்டு விட்டுத்தான் ஓடுகிறது. அதன் விசிறி பாட்டரியையும் தின்னும், அதையும் கவனிக்க வேண்டும். ப்ரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும், அதனால் இங்கே கவலையில்லை. நம்மூர்ச் சிலிண்டரில் பியூட்டேனும் கலந்திருக்கும். இந்தக் குளிரில் அது திரவமாகவே கிடக்கும்.

ஜனவரி 14
கழிவு டேங்கின் வால்வை மூடியே வைத்து, நிறைந்ததும் ஒரே வீச்சில் திறந்துவிட வேண்டும். திறந்தே விட்டால் சொட்டுச் சொட்டாக உறைந்து ஹோஸ் அடைத்துக்கொள்ளும்.

இட்லி வைத்தேன், ஜன்னலெல்லாம் தண்ணீர். கூரை வென்டை ஒரு விரல் திறந்து வைத்தோம். அம்மா போனில், “அடுப்பையே எரியவிட்டுக் குளிர்காயலாமேடி?” என்றாள். கார்பன் மோனாக்சைடு பற்றிச் சொன்னதும் பதறிப்போய்ப் பேச்சை மாற்றிவிட்டாள்.

ஜனவரி 16
பக்கத்து வண்டிக்குப் புது மூட்டு வந்து மாட்டியாயிற்று. ஹீட்டர் ஒன்று மட்டும் போதும், அதுவும் பகலில் மட்டும் என்று இவர் சொல்லியிருக்கிறார். இன்றிரவு மைனஸ் 27 என்கிறார்கள். உள்ளே இருக்கும் குழாய்களுக்கும் சூடு போகட்டும் என்று சிங்க் அலமாரிக் கதவுகளைத் திறந்து வைத்தாயிற்று. காலையில் சிலிண்டர் மாற்ற வேண்டும்.