கோத்தகிரி பனியில ஒரு தேஜஸ்

இந்த பென்சில் படத்த இன்னைக்கு காலைல முடிச்சேங்க, பதினெட்டு நாள் வேலை. சூலூர் விமானப்படை தளத்துல நிக்கிற அதே தேஜஸ் போர் விமானம் தான். நிஜ விமானம் 13.2 மீட்டர் நீளம், இறக்கை முனைக்கு முனை 8.2 மீட்டர், நான் மீட்டருக்கு 4 சென்டிமீட்டர்னு கணக்கு வச்சு போட்டேன், ஏ2 பேப்பர்ல மேலேருந்து பாக்குற மாதிரி சரியா அடங்கிடுச்சு. பின்னாடி தனியா குட்டி இறக்கை கிடையாது, எல்லாமே அந்த முக்கோண டெல்டா இறக்கை தான், அதோட முன்விளிம்பு நேர்கோடுன்னு நெனச்சு மூணு தடவ தப்பா போட்டேன், பாதியில லேசா மடங்கி சாய்வு மாறும், அது வந்தப்புறம் தான் தேஜஸ் முகமே வந்துச்சு.

மேல்பரப்பு பெரும்பாலும் கார்பன் ஃபைபர், அதனால ஆணித்தலை நெறைய இல்லாம வழவழன்னு இருக்கும், எச்பி பென்சில்ல ஷேடிங் அவ்ளோ மெதுவா ஏத்தணும். இங்க பனி எறங்குனா பேப்பர் நமுத்து போய் பென்சில் கரி ஒட்டாம திட்டுத்திட்டா நிக்குது, அம்மா தான் அடுப்படில விறகு அடுப்புக்கு எதிர் சுவர்ல பலகையோட சாய்ச்சு வச்சாங்க.

காக்பிட் கண்ணாடில விழுற வெளிச்சத்துக்கு மட்டும் ரெண்டு நாள். ஜூம் பண்ணி பாருங்க, வலது பக்கம் பறக்கும்போதே எரிபொருள் வாங்குற குழாயும் தெரியும்.