கும்பார்வாடா வழி

நம் பள்ளி முன்னாள் மாணவர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு சங்கச் செயலாளர் எழுதியிருந்தார். பள்ளி தந்த ஒழுக்கத்தைப் பற்றி எழுதினால் நன்றாக இருக்கும் என்றும் சொல்லியிருந்தார். எழுதுகிறேன். ஆனால் அதை ஒரு திருட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். திருடியவன் நான்.

1984. பம்பாய் தாராவியில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். 1982 ஜனவரியில் தொடங்கிய மில் வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் வெளியே வந்தார்கள். அவர்களில் என் அப்பாவும் ஒருவர். பிறகு அவர் மில்லுக்குத் திரும்பவே இல்லை. அம்மா இட்லி சுட்டு விற்றார். எனக்கோ காசு என்றாலே கை ஊறும் வயது.

நம் கணக்கு சாரை மூத்த மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வாரநாளில் நமக்கு அல்ஜீப்ரா நடத்தியவர், ஞாயிறன்று தமிழ்ச் சபையில் ஓய்வுநாள் பள்ளியின் பெரிய வகுப்பை எடுத்தார். திருநெல்வேலிப் பேச்சு அவரை விட்டுப் போகவே இல்லை. அந்த ஆண்டு பைபிளில் பவுல் எழுதிய எபேசியர் நிருபத்தின் ஆறாம் அதிகாரம் நடத்தினார். கரும்பலகையில் ஒரு ரோமப் போர்வீரனை வரைந்து, சத்தியம் என்னும் கச்சை, நீதி என்னும் மார்க்கவசம், விசுவாசம் என்னும் கேடகம் என்று ஒவ்வொன்றாக மாட்டினார். எங்களுக்குப் பிடித்த சொல் ‘தலைச்சீரா’, அதாவது தலைக்கவசம். ஒரு வாரம் முழுக்க ஒருவன் தலையில் ஒருவன் தட்டி அந்தச் சொல்லைக் கத்திக்கொண்டு திரிந்தோம்.

அவர் அழுத்திச் சொன்னவை வேறு. அங்கே பவுல் கேடகத்துக்கு எழுதிய கிரேக்கச் சொல் கதவு என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆள் மறையும் அளவு பெரிய கேடகம் அது. ஏசாயா 59-இல் அந்த மார்க்கவசத்தையும் தலைச்சீராவையும் அணிந்திருப்பவர் கர்த்தரே. ஆகவே, அது நம் அளவுக்குத் தைத்த சட்டை அல்ல, இரவல் வாங்கியது. எழுதிய பவுலோ சங்கிலியில் கிடந்தார். நம் போராட்டம் ‘மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல’, அதாவது மனிதரோடு அல்ல, என்று அவர் எழுதியதால், பக்கத்து வீட்டுக்காரனைச் சாத்தான் என்று சொல்லி யாரும் வரக்கூடாது என்றும் சார் எச்சரித்தார். இன்று நான் போகும் சில ஜெபக்கூட்டங்களில் ஜலதோஷத்துக்கும் விசா தாமதத்துக்கும் பிசாசைத் துரத்துகிறார்கள். சார் இருந்திருந்தால் சாக்பீஸை எறிந்திருப்பார்.

எனக்குப் பிடித்துக்கொண்டது ஒரே சொல்: ‘எதிர்த்து நில்லுங்கள்.’

எலிபண்டா தீவுக்குப் போவதற்காகப் பிள்ளைகளிடம் வசூலித்த அறுபத்தைந்து ரூபாய் என் பையில் இருந்தது. நான் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடை மூலை. அங்கே மட்கா என்ற எண் சூதாட்டத்துக்குச் சீட்டு எழுதுவார்கள். பூஜ்யம் முதல் ஒன்பது வரை ஓர் எண்ணைச் சொல்லிப் பணம் கட்டினால், விழுந்தால் ஒன்றுக்கு ஒன்பது. அந்த மூலையில் போய் நின்று, சோதனையை ஜெயித்துக்காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. நின்றேன். முதல் நாள் வசனம் சொன்னேன். இரண்டாம் நாளும் சொன்னேன். மூன்றாம் நாள், எபேசியர் ஆறு என்பதால் ஆறாம் எண்ணில் ஐந்து ரூபாய் கட்டினேன்.

ஆறு விழுந்தது. நாற்பத்தைந்து ரூபாய். தேவன் என் குடும்பத்தை நினைத்தருளினார் என்று அன்று இரவு ஸ்தோத்திரமும் செய்தேன். பயணப் பணத்தில் ஒரு பைசா குறையவில்லை, கூடித்தான் இருந்தது. அடுத்த வாரத்துக்குள் ஜெயித்ததும் போனது, அறுபத்தைந்தும் போனது.

சனிக்கிழமை மாலை சாரிடம் போய்ச் சொன்னேன். பிரம்பை எதிர்பார்த்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி: “ஓப்பன்லயா, குளோஸ்லயா?” மட்காவில் ஒரு நாளின் முதல், இரண்டாம் குலுக்கல்களைக் குறிக்கும் அந்த வார்த்தைகள் ஒரு கணக்கு வாத்தியாருக்கு எப்படித் தெரியும் என்று கேட்க அன்று எனக்குத் தோன்றவில்லை.

பிறகு மத்தேயு நான்கைத் திறந்து படிக்கச் சொன்னார். முதல் வசனத்திலேயே நிறுத்தினார். “இயேசுவை வனாந்தரத்துக்குக் கொண்டுபோனவர் ஆவியானவர். உன்னை அந்த மூலைக்குக் கொண்டுபோனது யாருலே?” எனக்குப் பதில் இல்லை. தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொல்லும்போது பிசாசு 91-ஆம் சங்கீதத்தைத்தான் ஒப்பிக்கிறான் என்று காட்டினார். வசனம் தெரிந்திருப்பது அவனுக்கும் பெரிய விஷயம் இல்லை. இயேசு அதற்குச் சொன்ன பதில், ‘உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக.’ பரீட்சை என்ற சொல்லை அவர் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

அதன் பின் அவர் பிரித்துக் காட்டியதை நாற்பது ஆண்டுகளாக நான் விடவில்லை. யாக்கோபு, பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள் என்கிறார். ஆனால் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, பாலியத்துக்குரிய இச்சைகளுக்கு விலகியோடு என்கிறார். யோசேப்பு போத்திபாரின் வீட்டில் வசனம் பேசிக்கொண்டு நிற்கவில்லை. வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். விசுவாசத்தை மறுக்கச் சொன்னால் நில். நாக்கில் எச்சில் ஊறினால் ஓடு. அவனவன் தன் சுய இச்சையினாலே இழுக்கப்படுகிறான் என்று அதே யாக்கோபு எழுதியிருக்கும்போது, எல்லாப் பழியையும் சாத்தான் தலையில் போட்டால் அவனே சிரிப்பான் என்றார். சோதனையோடுகூடத் தப்பிக்கொள்ளும் ‘போக்கையும்’ தேவன் உண்டாக்குவார் என்று கொரிந்தியரில் இருக்கிறதே, அந்தப் போக்கு என்ன என்று கேட்டேன். “திங்கக்கிழமை காட்டுறேன்” என்றார்.

அடுத்த நாள் சபையில் பணத்தை அவர் தன் சம்பளத்திலிருந்து வைத்தார். அதை நான் மாதம் ஐந்து ரூபாயாக, பதின்மூன்று மாதம் கட்டி முடித்தேன். போக்கைத் திங்கள் மாலையில் காட்டினார். பள்ளி விட்டதும் என்னோடு கிளம்பி, டீக்கடைப் பக்கம் திரும்பாமல், கும்பார்வாடா வழியாக நடந்தார். குயவர்களின் சூளைப் புகையில் கண் எரியும். காயவைத்த பானைகளுக்கு நடுவே கால் பார்த்து வைக்க வேண்டும். பத்து நிமிடம் கூடுதல். மட்கா என்றாலே பானைதான். ஒருகாலத்தில் சீட்டுகளைப் பானையில் போட்டு எடுத்ததால் அந்தச் சூதாட்டத்துக்கு அப்பெயர். அந்தப் பானையை விட்டு ஓடி, நாங்கள் தினமும் பானைத் தெருவில் நடந்தோம். வழியில் அவர் பைபிள் பேசியதில்லை. வட்டத்தின் பரப்பளவு கேட்பார், பதநீர் பற்றிப் பேசுவார்.

ஒரு மாதம் ஆனதும், எனக்கு இப்போது அந்த ஆசை விட்டுப்போய்விட்டது, இனி டீக்கடை வழியாகவே போகட்டுமா என்று கேட்டேன்.

“நீ போ தம்பி” என்றார். “நான் இப்படித்தான் வருவேன்.”